ஆகஸ்ட் 15 கிண்டி ஆளுநர் மாளிகைத் தேநீர் விருந்து: சங்கத்தில் இருந்து போறவங்களுக்கு விவரம் வேணும்

கோபி சங்கச் செயலர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க முன்னாள் படைவீரர் சங்கத்தில் ரெண்டு பேருக்கு சுதந்திர தினச் சாயங்காலம் ஆளுநர் மாளிகைத் தேநீர் விருந்துக்கு அழைப்பு வந்திருக்குது. ஒருத்தர் ஓய்வு பெற்ற ஹவில்தார், வயசு 74. 1971 பாகிஸ்தான் போரில் மேற்கு முனையில் இருந்தவர். சர்க்கரை உண்டு, வலது முழங்கால் மாற்று அறுவை ஆயிருக்குது. இன்னொருத்தர் காஷ்மீர்ப் பணியில் கணவரை இழந்த அம்மா, சத்தியமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம். ரெண்டு பேருமே இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு இதுவரைக்கும் போனதில்லைங்க.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். அழைப்பு கைக்கு வந்ததும் முதல்ல என்ன செய்யோணும்? ஹவில்தார் ஐயா கோட்டு போடோணுமா, வேட்டி சட்டையில் போகலாமா? அவர்கிட்ட ஆறு பதக்கம் இருக்குது, எந்த வரிசையில், எப்படிக் குத்தறது? அந்த அம்மா கணவரோட பதக்கத்தைப் போட்டுக்கிட்டுப் போகலாமா? ஆளுநர் முன்னால் வந்தா சல்யூட் அடிக்கறதா, கும்பிடறதா? சங்கத்தோட கோரிக்கை மனு ஒண்ணு தயாரா இருக்குது, அதைக் கையில் கொடுத்தனுப்பலாமா? துணைக்கு ஆள் போக முடியுமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க.

ரெட்ஃபீல்ட்ஸ் சுபேதார்

செயலர் அவர்களே, துணியும் பதக்கமும் அப்புறம். முதல் வேலை அழைப்பிதழில் இருக்கிற பெயரையும் அடையாள அட்டையில் இருக்கிற பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. வாசலில் நிற்கும் ஆள் கையில் இருப்பது அச்சடித்த பட்டியல். நம்ம பக்கத்துப் பெயர்களில் தொல்லை எங்கே வரும் என்றால், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஆங்கிலத்தில் 'சாமி' என்று எழுதியிருக்கும், ஆதாரில் 'ஸ்வாமி' ஆகியிருக்கும். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். சில அட்டைகளில் அப்பா பெயர் முழுசாக விரிந்து அதுவே முதல் பெயர் போல நிற்கும். சங்கம் பெயர் கொடுத்தபோது எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தீர்களோ அந்த அட்டையின் மூலப்பிரதியையே எடுத்துப் போகச் சொல்லுங்கள். எழுத்து மாறியிருந்தால் இப்போதே அழைப்பிதழில் உள்ள எண்ணுக்குப் பேசித் திருத்துங்கள். அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால் வெயிலில் நிற்க வேண்டி வரும்.

ரெண்டாவது, வருவதை உறுதி செய்வது. அழைப்பிதழின் கீழே பதில் சொல்ல எண்ணோ மின்னஞ்சலோ இருக்கும். கேட்கிறார்களோ இல்லையோ, பேசும்போதே நான்கு விஷயத்தை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்: முழுப் பெயரும் பதவியும், வண்டியில் வந்தால் பதிவு எண்ணும் ஓட்டுநர் பெயரும், முழங்கால் காரணமாக அதிகம் நடக்க முடியாது என்பது, சக்கர நாற்காலி தேவைப்படலாம் என்பது. வளாகம் 150 ஏக்கருக்கு மேல். வாசலுக்கும் புல்வெளிக்கும் உள்ள தூரம் 74 வயதுக்காரருக்குச் சின்னத் தூரம் இல்லை. முன்கூட்டிச் சொன்னால் இறங்கும் இடம் வரை வண்டியை விடுவதற்கோ உள்ளே நாற்காலிக்கோ அவர்கள் வழி பார்ப்பார்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் வாசலில் இருக்கிற காவலருக்கு அந்த அதிகாரம் இருக்காது.

துணைக்கு ஆள்: அழைப்பிதழில் பெயர் உள்ளவர் மட்டுமே உள்ளே போகலாம். மகனோ பேரனோ கூட வந்தால் வண்டியிலோ வெளியிலோ காத்திருக்க வேண்டியதுதான். மருத்துவக் காரணத்துக்காக உதவியாள் கட்டாயம் வேண்டும் என்றால் அதையும் அந்த எண்ணுக்குப் பேசும்போதே கேட்டு, அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார்களா என்று உறுதி செய்யுங்கள். "பார்க்கலாம்" என்று பதில் வந்தால் சேர்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வாகன அனுமதிச் சீட்டு தனியாக வரும். அது இல்லாத வாடகைக் கார் உள்ளே போகாது. சீட்டு இல்லையென்றால் காருக்குச் செலவழிப்பதைவிட சென்ட்ரலில் இருந்து மெட்ரோவில் போவது நல்லது. நீல வழித்தடம், மாறாமல் சின்னமலை. அங்கிருந்து ஆட்டோவில் சர்தார் படேல் சாலை. எந்த வாசல் என்று அழைப்பிதழில் பார்த்து ஆட்டோக்காரரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

சல்யூட் பற்றி: தலையில் தொப்பி இல்லாமல், சாதாரண உடையில் கையால் சல்யூட் கிடையாது. பணியில் இருந்தபோது இருந்த அதே விதிதான். சாவ்தானில், அதாவது அசையாமல் நிமிர்ந்து நின்று "ஜெய்ஹிந்த்" சொன்னால் போதும், அதுதான் முறை. கும்பிடுவதிலும் தவறில்லை. அந்த அம்மா கும்பிட்டால் போதும். கை குலுக்க நாமாகக் கை நீட்டக் கூடாது. அவர் நீட்டினால் கொடுக்கலாம். "மேதகு" என்றெல்லாம் நாக்கைச் சிரமப்படுத்த வேண்டாம். உள்நாட்டு நிகழ்ச்சிகளில் அந்த அடைமொழியை 2012-லேயே குடியரசுத் தலைவர் மாளிகை கைவிட்டது. எழுத்தில் "மாண்புமிகு ஆளுநர்", பேச்சில் "ஐயா".

இன்னொன்று. சிலர் பழைய சீருடையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகு பதவி நம் பெயரோடு இருக்கிறது, சீருடை படைக்குச் சொந்தம். பதக்கமும் ரெஜிமென்ட் டையும் போதுமான மரியாதை.

திருப்பூர் கட்டிங் மாஸ்டர்

துணி விஷயம் நான் சொல்றேனுங்க.

அழைப்பிதழில் உடைக்குன்னு ஒரு வரி இருந்தா அதுதான் சட்டம். 'தேசிய உடை' அல்லது 'லவுஞ்ச் சூட்'னு இருந்தா மூடிய கழுத்து கோட்டு, சாதாரண கோட்டு, வேட்டி சட்டை எல்லாமே பொருந்தும். வேட்டிக்கு இடமில்லைன்னு நெனச்சுத் தயங்க வேண்டியதில்லை. கிளப்புகளில் வேட்டியைத் தடுக்கக் கூடாதுன்னு தமிழ்நாட்டில் 2014-ல் தனிச் சட்டமே வந்திருக்குது. ஆனா ஹவில்தார் ஐயாவுக்கு நான் கோட்டுதான் சொல்லுவேன். காரணம் மரியாதை இல்லீங்க, பதக்கத்தோட எடை. ஆறு பதக்கமும் அதைத் தாங்கற பித்தளைப் பட்டையும் சேர்ந்தா பருத்திச் சட்டைப் பையைக் கீழே இழுத்துரும். ஒரு பக்கம் தோள் தொங்கின மாதிரி இருக்கும், குத்தூசி துணியைக் கிழிக்கும். வேட்டி சட்டைதான்னு அவர் பிடிவாதமா இருந்தா, சட்டைக்கு உள்பக்கம் பையளவுக்கு கெட்டிக் கேன்வாஸ் துண்டு ஒண்ணை நாலு ஓரமும் தச்சு, ஊசியை ரெண்டு துணியையும் சேர்த்துக் குத்தோணும்.

கோட்டுன்னா எந்தத் துணிங்கறது முக்கியம். நம்மூர்ல ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கும், கோட்டு போட்டாலும் தெரியாது. சென்னையில் அதே ஆகஸ்டில் சாயங்காலம் நாலு மணிக்கு வேர்வை காயாது. கம்பளி பிளேசர் வேண்டவே வேண்டாம். டெர்ரி விஸ்கோஸ் துணியில், முழு லைனிங் இல்லாம முதுகுப் பக்கம் பாதி லைனிங் மட்டும் வெச்ச கோட்டு போதும். பழைய கோட்டு இருக்குதுன்னா மாட்டிப் பார்த்து, கையை முன்னால் நீட்டி, உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்க. கால்சட்டையில் பின் தையலில் ஒன்றரை அங்குலம், சில சமயம் ரெண்டு அங்குலம் வரைக்கும் பிரிச்சு விடலாம். கோட்டில் அந்தச் சலுகை இல்லீங்க; பின் நடுத்தையலில் அரை அங்குலம் கிடைச்சாலே பெரிசு. வயித்துப் பக்கம் பொத்தான் பூட்டலைன்னா ஆல்டர் பண்ணறதுக்கு ஓடாதீங்க, புதுசே தைக்கறது நல்லது. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள்ள துணி கொடுத்தாத்தான் ஒரு ட்ரையலாவது பார்க்க முடியும்.

இப்போ செருப்பு, ஷூ. இதைத்தான் யாரும் கவனிக்கறதில்லை. ராணுவக் கேன்டீனில் வாங்கி விசேஷத்துக்குன்னு பெட்டியிலேயே வெச்சிருப்பாங்க பாருங்க, அந்த ஷூதான் ஆபத்து. பாலியூரித்தேன் அடி இருந்தா காத்திலிருக்கிற ஈரம் பட்டே உள்ளுக்குள்ள சிதையும். போடாம வெச்சா இன்னும் சீக்கிரம். வெளியில் பார்த்தா புதுசு மாதிரி மின்னும். நூறு அடி நடந்ததும் அடி பிஸ்கட் மாதிரி உதிர்ந்துரும். இப்பவே எடுத்து, முன்பக்கத்தையும் குதிகாலையும் பிடிச்சு வளைச்சுப் பாருங்க. மடிப்பில் நுண்ணிய வெடிப்பு தெரிஞ்சாலோ, விரல் நகத்தால் அழுத்தினா பொடி வந்தாலோ தூக்கிப் போட்டுருங்க. பசை போட்டு ஒட்டறது வீண். ரப்பர் அடி உள்ள ஷூ வாங்கி, வீட்டுக்குள்ளயே தினமும் ஒரு மணி நேரம் ஒரு வாரம் போட்டுப் பழகோணும். தோல் அடி வேண்டாம். ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் மழை வந்தா புல்வெளி வழுக்கும், செயற்கை முழங்கால் உள்ளவருக்கு வழுக்கல் ஆகாது. அந்த அம்மாவுக்கும் குச்சிக் குதிகால் வேண்டாம், மண்ணுல இறங்கிரும். பின்பட்டை உள்ள தட்டைச் செருப்பு போதும்.

ரெட்ஃபீல்ட்ஸ் சுபேதார்

மாஸ்டர் சொன்ன ஷூ விஷயத்தை எல்லாச் சங்கமும் தகவல் பலகையில் ஒட்டலாம்.

பதக்க வரிசைக்கு வருகிறேன். 71-ல் மேற்கு முனை, 20 வருடத்துக்கு மேல் பணி என்றால் அந்த ஆறு பெரும்பாலும் இவையாக இருக்கும். வரிசை இதுதான்: பஷ்சிமி ஸ்டார் (மேற்கு முனைக்கான நட்சத்திரப் பதக்கம்), சங்ராம் பதக்கம், சைன்ய சேவா பதக்கம், 25-ஆவது சுதந்திர ஆண்டுப் பதக்கம், 20 ஆண்டு நீண்ட சேவை, 9 ஆண்டு நீண்ட சேவை. பஷ்சிமி ஸ்டார் மார்பின் நடுப்பக்கம், அதாவது கோட்டின் காலரை ஒட்டி. 9 ஆண்டுப் பதக்கம் இடது கையை ஒட்டி. இதைத் தலைகீழாகக் குத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மேசையில் வைத்து, நம்மைப் பார்த்தபடி இடமிருந்து வலமாக அடுக்கினால் சரியாக வரும்: எதிரில் நிற்பவர் கண்ணுக்கு இடது ஓரத்தில் பெரியது. கண்ணாடி முன் நின்று அடுக்கினால் குழப்பம்தான். வீரச் செயலுக்கான பதக்கம் எதுவும் இருந்தால் அது எல்லாவற்றுக்கும் முன்னால். சில வீடுகளில் 50-ஆவது சுதந்திர ஆண்டுப் பதக்கமும் இருக்கும். அது 25-ஆவதுக்கு முன்னால் வரும்.

ரிப்பன் அகலம் 32 மில்லிமீட்டர். ஐந்து பதக்கம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 16 சென்டிமீட்டர். ஆறாவதைச் சேர்த்தால் 19-க்கு மேல் போகும், காலருக்கும் கை மூட்டுக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருக்காது. ஆகவே ஆறும் 16 சென்டிமீட்டர் பட்டையிலேயே, ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி உட்கார வேண்டும். நடுப்பக்கம் உள்ள பஷ்சிமி ஸ்டார் முழுசாகத் தெரிய வேண்டும். அதற்கு அடுத்தடுத்தவை ஒவ்வொன்றும் சற்று மறையும். பட்டை கோட்டின் இடது பைக்குச் சற்று மேலே, தரைக்குச் சமமாக. அந்தப் பையில் பேனா, கண்ணாடிக் கூடு, கைக்குட்டை எதுவும் வேண்டாம். மாலை விருந்துச் சீருடைக்கு உரிய சின்ன அளவுப் பதக்கமும் இதற்கு வேண்டாம், முழு அளவே போதும்.

பதக்கத்தைப் பளபளப்பாக்க பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள். வட்டப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். தேய்க்கத் தேய்க்க அதுதான் முதலில் அழியும். பெயர் அழிந்த பதக்கத்துக்கும் கடையில் வாங்கிய நகலுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாமல் போய்விடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ரிப்பன் வெளுத்திருந்தால் ரிப்பனை மட்டும் மாற்றுங்கள். ஏதாவது ஒன்று தொலைந்திருந்தால், தனக்கு வழங்கப்பட்ட பதக்கத்தின் நகலை அணிவதில் குற்றமில்லை. தனக்கு வழங்கப்படாததை எண்ணிக்கைக்காகச் சேர்ப்பதுதான் குற்றம். சங்கத்தின் உலோகச் சின்னம், மாநாட்டு பேட்ஜ் இவற்றைப் பதக்க வரிசையில் சேர்க்கவே கூடாது. கோட்டுக் காலரில் ஒன்றே ஒன்று குத்தலாம்.

அந்த அம்மாவைப் பற்றி. உயிர்நீத்த வீரரின் பதக்கத்தைக் குடும்பத்தார் அணிவதென்றால் வலது மார்பில்தான், இடது மார்பு அதைச் சம்பாதித்தவருக்கு மட்டும் உரியது. அதுவும் போர் நினைவிட அஞ்சலி, அணிவகுப்பு, நினைவு நிகழ்ச்சி போன்றவற்றுக்கே தரைப்படை சொல்லியிருக்கிறது. தேநீர் விருந்து அந்தப் பட்டியலில் வராது. பதக்கத்தை வீட்டிலேயே பத்திரமாக வைத்துவிட்டு, கணவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு இவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சின்ன அட்டையில் எழுதி எடுத்துப் போகட்டும். அறிமுகம் செய்து வைப்பவர் உதவி அதிகாரியாக இருப்பார்; அவர் கையில் அட்டை இருந்தால் வீரரின் பெயரைச் சரியாக உச்சரிப்பார். அந்தப் பெயர் அங்கே சரியாகச் சொல்லப்பட வேண்டும் என்பது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

நொய்யல் கரை

உடம்பு விஷயத்தை நான் சேர்க்கிறேன், நான் செவிலியர்.

விருந்து என்று பெயர் இருந்தாலும் சாப்பாடு கடைசியில்தான் கைக்கு வரும். ஆளுநர் வருவதற்கு வெகு நேரம் முன்பே விருந்தினர் உள்ளே போய் இருக்கையில் இருக்க வேண்டும். அவர் வந்ததும் தேசிய கீதம், பிறகு விருது வழங்கலோ கலை நிகழ்ச்சியோ இருந்தால் அது, பிறகு அவர் விருந்தினரிடையே நடந்து வருவது. இத்தனைக்கும் பிறகுதான் சிற்றுண்டி. வாசல் சோதனையையும் சேர்த்தால் மூன்று மணி நேரம் எளிதாக ஓடிவிடும். மாலை மாத்திரையைச் சாப்பாட்டை நம்பி முன்கூட்டிப் போட்டுக்கொண்டு போனால் சர்க்கரை இறங்கும். நடுங்கல், வேர்வை, தலைசுற்றல். சென்னை வெக்கையில் வேர்வையை யாரும் சந்தேகப்படவே மாட்டார்கள், அதுதான் பயம்.

மதியம் ஒரு மணிக்குள் முழுச் சாப்பாடு. மூன்று மணிக்கு இரண்டு இட்லியோ சுண்டலோ. கோட்டுப் பையில் ஐந்தாறு குளுக்கோஸ் வில்லையோ நாலு கடலை மிட்டாயோ. மாத்திரைகளைப் பிரித்துப் பொட்டலம் கட்டாமல் கடை அட்டையோடு, மருந்துச் சீட்டு நகலோடு எடுத்துப் போகட்டும். பெயர் தெரியாத மாத்திரை சோதனையில் நிற்கும். எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு மாற்றிப் போடலாம் என்பதை அவருடைய மருத்துவரிடமே கேட்க வேண்டும், இங்கே யார் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முழங்கால் உலோகம் சோதனை வாசலில் சத்தம் போடும். அறுவை செய்த மருத்துவமனையின் சுருக்க அறிக்கை ஒரு பக்கம் நகல் எடுத்துக்கொண்டால் கையோடு காட்டலாம். பதக்கமும் சத்தம் போடும், அதனால் முதலில் பதக்கத்தைக் காட்டி, பிறகு முழங்காலைச் சொல்வது நல்லது. அவசரத்தில் பதக்கப் பட்டையைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு மறந்து போகிறவர்கள் உண்டு. கழற்றச் சொன்னால் கையிலேயே பிடித்துக்கொண்டு திரும்பக் குத்திய பிறகுதான் நகர வேண்டும்.

கீதம் 52 வினாடி. அதுவரை ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியுமா என்று வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்து நிற்கலாம். நிற்கவே முடியாதவர் உட்கார்ந்தபடி நிமிர்ந்து இருந்தால் மரியாதைக் குறைவு ஆகாது. தமிழ்த்தாய் வாழ்த்து இசைத்தால் அதற்கும் எழுந்து நிற்க வேண்டும், அது 55 வினாடி.

தட்டும் கோப்பையும் கைக்கு வந்தால் இடது கையில். வலது கை காலியாக இருக்க வேண்டும், யார் எப்போது பக்கத்தில் வந்து பேசுவார்கள் என்று தெரியாது. தட்டு நிறைய எடுக்க வேண்டாம். ஊன்றுகோல் உள்ளவர் எழுந்து வரிசைக்குப் போகாமல் பரிமாறுபவரிடம் கேட்டால் இருக்கைக்கே கொண்டுவந்து தருவார்கள்.

பவானி ஜமக்காளம்

மனுவைப் பற்றி யாரும் பேசலையே. என் கருத்து, கையில் கொடுத்தனுப்புங்க. இவ்வளவு பக்கத்தில் ஆளுநரைப் பார்க்கிற வாய்ப்பு இன்னொரு தடவை வருமா? மருந்துத் தட்டுப்பாடு, ஸ்பர்ஷ்ங்கற படைத்துறை ஓய்வூதிய இணைய முறையில் இருக்கிற குளறுபடி எல்லாத்தையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தா என்ன கெட்டுப் போகும்?

ரெட்ஃபீல்ட்ஸ் சுபேதார்

கெட்டுப் போவது மனுதான், ஐயா. சொல்கிறேன்.

உறையோடு போனால் சோதனையிலேயே கேள்வி வரும், பெரும்பாலும் அங்கேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அப்படியே உள்ளே போய் அவர் கையில் கொடுத்தாலும், அடுத்த நொடி அது பின்னால் வருகிற உதவி அதிகாரி கைக்குப் போகும். பதிவு எண் கிடையாது, ஒப்புகைச் சீட்டு கிடையாது. மூன்று மாதம் கழித்து "எங்கள் மனு என்ன ஆயிற்று" என்று கேட்க எதைக் காட்டுவீர்கள்? அதைவிட, ஓய்வூதியமும் மருத்துவத் திட்டமும் மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருபவை. ஆளுநர் மாளிகை அதிகபட்சம் செய்யக்கூடியது அந்தப் பக்கம் அனுப்பி வைப்பது. அதை நாமே நேராக அனுப்பலாமே.

முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக் மருந்து என்றால் முதலில் அங்குள்ள பொறுப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். எந்த மருந்து, எந்தத் தேதியில் இல்லை என்றார்கள், எத்தனை பேருக்கு என்று பட்டியல் வேண்டும். "மருந்து கிடைப்பதில்லை" என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகவே வரும். பதில் இல்லையென்றால் அந்தத் திட்டத்தின் கோவை மண்டல மையம். அதற்கும் மேல் மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளம். அங்கே பதிவு எண் உண்டு, 21 நாளில் முடிக்க வேண்டும் என்று 2024-ல் வரம்பு வைத்திருக்கிறார்கள். நிலம், வாரிசுச் சான்று, மாநில அரசு உதவித்தொகை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். முன்னாள் படைவீரருக்கென்று தனிக் குறைதீர் நாளும் அறிவிப்பார்கள், நம் மாவட்ட நல அலுவலகத்தில் தேதி கேட்டுக்கொள்ளலாம்.

விருந்தில் வாயால் சொல்வதற்குத் தடை இல்லை. "சங்கம் எப்படி நடக்கிறது?" என்று கேட்டால் ஒரே ஒரு வாக்கியம்: "ஐயா, கோபி பகுதியில் பாலிகிளினிக் மருந்து பற்றி மண்டல மையத்துக்கு எழுதியிருக்கிறோம்." ஏற்கனவே எழுதியிருந்தால்தான் அந்த வாக்கியத்துக்கு எடை உண்டு. எனவே மனுவை ஆகஸ்ட் 15-க்கு முன்பே உரிய இடத்தில் கொடுத்து எண் வாங்கிவிடுங்கள்.

கோபி சங்கச் செயலர்

எல்லாருக்கும் மனசார நன்றிங்க. ஷூவை இன்னிக்கே வளைச்சுப் பார்க்கச் சொல்லியாச்சு. மனுவை மண்டல மையத்துக்கு அனுப்பறோம்.

இன்னும் ரெண்டு சந்தேகம். ரயில் எதில் போகட்டும்? அப்புறம், எங்க உறுப்பினர் ஒருத்தரோட மருமகன் இங்கிலாந்தில் அந்நாட்டுப் படையில் இருந்து ஓய்வு பெற்று, அங்கத்த படைவீரர் சங்கத்தில் இருக்காரு. அவருக்கு லண்டன் பக்கிங்காம் அரண்மனைத் தோட்ட விருந்துக்கு அழைப்பு வந்திருக்குதாம். இதே முறைதானா அங்கயும்?

காலிங்கராயன் வாய்க்கால்

லண்டன் விருந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விக்டோரியா மகாராணி காலத்தில், 1860-களில் தொடங்கிய வழக்கம் அது. இப்போது வருடத்துக்குப் பொதுவாக மூன்று பக்கிங்காமில், ஒன்று எடின்பரோ ஹோலிரூட் அரண்மனையில். ஒவ்வொன்றுக்கும் 8,000 பேர் அளவில் வருவார்கள். நாமாகக் கேட்டு வாங்க முடியாது. சங்கமோ தொண்டு அமைப்போ அரசுத் துறையோ பெயர் பரிந்துரைக்க வேண்டும். படைவீரருக்கென்று தனியாகவும் ஒன்று உண்டு, 1920-ல் தொடங்கிய நாட் ஃபர்காட்டன் அமைப்பு நடத்துவது. எந்த விருந்து என்று அழைப்பிதழில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனென்றால் உடை, பதக்கம் பற்றிய குறிப்பு அதில்தான் இருக்கும்.

பொது விருந்தில் வாசல் மாலை 3 மணிக்குத் திறக்கும். 4 மணிக்கு மன்னர் அரண்மனைப் படியில் இறங்கி வருவார், அவர்கள் நாட்டுக் கீதம் இசைப்பார்கள், பிறகு விருந்தினர் விட்டுக்கொடுத்து ஏற்படுத்திய பாதைகள் வழியாக அரச குடும்பத்தார் ஆளுக்கொரு பாதையில் நடப்பார்கள். யாரோடு பேசுவது என்பதை உதவி அதிகாரிகள் முன்னால் நடந்து சிலரைத் தேர்ந்து வைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6 மணிக்கு எல்லாம் முடியும், இரண்டு மணி நேரத்துக்கு 7,200 வினாடி, 8,000 பேர். ஆளுக்கு ஒரு வினாடிகூடக் கிடைக்காது. பேச முடியவில்லை என்று வருத்தப்பட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிடலாம். தேநீர்க் கூடாரத்துக்கு முதல் அரை மணியில் போனால் வரிசை நீளாது. மன்னர் நடக்கும் பாதையில் எல்லாரும் குவிந்திருக்கும்போது கூடாரம் காலியாக இருக்கும். ஒரு விருந்துக்கு 27,000 கோப்பைத் தேநீரும் 20,000 சாண்ட்விச்சும் 20,000 துண்டு கேக்கும் செலவாகிறது என்று அரண்மனையே சொல்கிறது, ஆகவே தீர்ந்துவிடும் என்ற கவலை வேண்டாம்.

ஆண்களுக்கு மார்னிங் கோட்டு (பின்பக்கம் நீண்ட, பகல் நேர விழாக் கோட்டு) அல்லது சாதாரண சூட்டு, பெண்களுக்கு பகல் நேர உடை, பெரும்பாலோர் தொப்பி வைப்பார்கள். நாட்டு உடைக்கு அனுமதி உண்டு என்பதால் பட்டு வேட்டியிலும் சேலையிலும் தாராளமாகப் போகலாம். புகைப்பட அடையாள அட்டை, அழைப்பிதழ் இரண்டும் மூலப்பிரதியாக வேண்டும். இந்த விஷயத்தில் மட்டும் கிண்டியும் லண்டனும் ஒன்றுதான்.

ரெட்ஃபீல்ட்ஸ் சுபேதார்

ரயிலுக்கு: 14-ஆம் தேதி இரவு கிளம்பட்டும். ஈரோட்டில் இருந்தே புறப்படும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் கோபி, சத்திக்காரர்களுக்கு வசதி. ஆனால் விடியும் முன்பே சென்ட்ரலில் இறக்கிவிடும். காலை 5 மணிக்கு மெட்ரோ ஓடத் தொடங்கும் வரை அந்த அம்மாவையும் பெரியவரையும் நடைமேடையில் உட்கார வைக்காமல், நிலைய ஓய்வறையை டிக்கெட் எடுத்ததுமே பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு முன்பதிவு செய்யுங்கள். பகல் முழுக்க அங்கேயே குளித்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து கிளம்பலாம். கோட்டை மடிக்காமல் ஹேங்கரோடு உறையில் கொண்டுபோனால் அங்கே இஸ்திரி தேட வேண்டாம்.

முன்பதிவு 60 நாளைக்கு முன் திறப்பதால், சுதந்திர தின விடுமுறைக் கூட்டத்தில் கீழ்ப்படுக்கை இப்போது கிடைப்பது சிரமம். தட்கல் என்றால் 13-ஆம் தேதி காலை, ஏ.சி. வகுப்புக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. இணையத்தில் எடுக்கும் கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். முடிக்காத கணக்கில் தட்கல் போட விடாது, அதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். தட்கலில் கீழ்ப்படுக்கைக்கு உறுதி இல்லை. நடுப்படுக்கை வந்தால் ஏறியதும் டிக்கெட் பரிசோதகரிடம் முழங்கால் அறிக்கையைக் காட்டிக் கேட்கலாம்.

திரும்ப 15 இரவு. நீலகிரி முதலில் கிளம்பும், பிறகு சேரன், கடைசியில் ஏற்காடு. நீலகிரியை நம்பாதீர்கள். ஆளுநர் விடைபெறும்போதும் கீதம் இசைப்பார்கள், அதற்கு முன்னால் எழுந்து வரக் கூடாது. அதன் பிறகு வண்டிகள் ஒரே நேரத்தில் வெளியேறும் நெரிசல் வேறு. ஏற்காட்டில் எடுத்தால் சென்ட்ரலில் நிதானமாக இரவுச் சாப்பாடு முடித்து ஏறலாம், விடியற்காலை ஈரோடு.

கோபி சங்கச் செயலர்

ஆதார் சரிபார்ப்பு முடிஞ்சுதுங்க. ஏற்காடுதான். சக்கர நாற்காலிக்கும் பெயர்த் திருத்தத்துக்கும் நாளைக் காலை 10 மணிக்கு அந்த எண்ணுக்குப் பேசறேன். பதில் என்ன வந்துதுன்னு இங்கயே எழுதறேனுங்க, குடியரசு தினத்துக்குப் போறவங்களுக்கு உதவும்.